முப்பத்தொன்பது துணிகள்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். கடைக்குச் சாமான் சீட்டு எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் பேனா பிடித்ததில்லை. இது கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. நேற்று மாத்திரை போட்டேனா என்று கேட்டால் மகளைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நான் எண்ணிய துணிகளைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து விமானப்படை கேம்ப்பில் தொழில் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எல்லாம் இப்போது பென்ஷன்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள். இந்த முறை ஒரு மலர் போடப் போகிறார்களாம். போன மாதம் அவர்களில் மூன்று பேர் முகப்பேரில் என் மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நீங்களும் ஒன்னு எழுதணும்" என்றார்கள். ஒருவருக்குத் தலையில் முடியே இல்லை. ஒருவருக்கு முட்டி வலி, சோபாவில் உட்காரவே நேரம் ஆனது. மூன்றாமவரை நான் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ராமநாதபுரத்துப் பக்கத்துப் பையன். நான் எழுதப் போவது அவரைப் பற்றித்தான்.

அவர் மற்ற இரண்டு பேரிடமும் என்னைக் காட்டி, "இந்த அம்மா மட்டும் இல்லேன்னா, நான் இன்னைக்கும் எங்கப்பா கடையில பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். நான் காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே நின்று, இப்போதாவது வெளியே போய்ச் சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காபிதான் வெளியே போனது. எதிரில் ஆள் இருந்தால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் அப்போது அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். நான் கேம்ப்பில் பெருக்குகிற வேலைக்குப் போனேன். தையல் தெரியும், கணக்கும் தப்பாமல் வரும் என்று தெரிந்ததும் என்னை ஒர்க்‌ஷாப்புக்குள் எடுத்துக்கொண்டார்கள். பெரிய கொட்டகை. நடுவில் ஒரு பழைய ஜெட் விமானம். அது பறக்காது, ஆனால் எஞ்சின் ஓடும். ஓடினால் கொட்டகைத் தகரம் முழுக்க அதிரும், என் தையல் மெஷினில் வைத்திருக்கும் நூல்கண்டு தானாக உருளும். பையன்கள் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டித்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள்.

அங்கே எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. சுவரில் பெரிய பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும், ஒவ்வொரு திருப்புளிக்கும் அதனதன் உருவத்தைக் கறுப்பு பெயிண்டில் வரைந்திருப்பார்கள். அதற்கு நிழல் என்று பெயர். பையன் ஒரு ஸ்பேனரை எடுத்தால், அந்த நிழலின் மேல் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் பலகையில் நிழல் எதுவும் வெறுமனே தெரியக் கூடாது. தெரிந்தால் யாரும் வெளியே போக முடியாது. விமானத்துக்குள் ஒரு ஆணி கிடந்தாலும் எஞ்சின் அதை இழுத்துத் தின்றுவிடும், அப்புறம் மனுஷனே பிழைக்க மாட்டான் என்று சொல்வார்கள்.

ஸ்பேனருக்குப் பலகை இருந்தது போலத் துணிக்கு நான் இருந்தேன். பழைய பெட்ஷீட்டை முழம் முழமாக வெட்டி, நூல் பிரியாமல் நாலு பக்கமும் மடித்துத் தைப்பேன். இருபது பையன்கள், ஆளுக்கு இரண்டு. காலையில் நாற்பது கொடுத்து, சாயங்காலம் நாற்பது வாங்கி, நோட்டில் எழுதி, சோடா உப்புப் போட்டு வெந்நீரில் ஊறவைப்பேன். எண்ணெய் துடைக்க மட்டும் இல்லை அந்தத் துணி. விமானத்தின் முன்பக்கம் காற்றை இழுக்கிற வாய் ஒன்று இருக்கும். ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். அதற்குள் எடுத்துப் போகிற ஸ்பேனரை உரசல் விழாமல் துணியில் சுற்றித்தான் எடுத்துப் போக வேண்டும். அது அங்கே சட்டம். அதனால் துணி நாற்பதும் வந்துவிட்டால் விமானத்துக்குள் எதையும் விட்டு வரவில்லை என்று அர்த்தம். இதை நான் புரிந்துகொள்ள எவ்வளவு நாள் ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

டூல் ரூமில் ஒரு ஸ்டோர்காரர் இருந்தார். எங்களைப் போலவே சிவிலியன், அம்பத்தூர்க்காரர். நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் ஒரு துணி குறைந்தது. எங்கெங்கோ தேடியதில், யாரோ சைக்கிள் சீட்டின் மேல் போட்டு வைத்திருந்தது தெரிந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருபது பேர் நடுவில் நின்று, "இன்னா தங்கச்சி, கேம்ப் துணிய எண்ணுனியா, இல்ல ஊட்ல இட்லித் துணிய எண்ணிக்கினு இருந்தியா?" என்றார். பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த ராமநாதபுரத்துப் பையன் மட்டும், "அண்ணே, அம்மா ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவாக. அதையும் நீங்க பிடுங்கிறாதீக" என்றான். அதற்கும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. இனிமேல் செத்தாலும் ஒரு துணி குறைகிறது என்று இவர்கள் முன்னால் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்படி ஒரு நாள் ஒரு வாரத்திலேயே வந்தது.

மறுநாள் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும். அன்று மத்தியானமே எல்லாம் பார்த்து முடித்து, விமானத்தின் வாய்க்குச் சிவப்பு மூடியைப் போட்டு, சொல்லிக்கொடுக்கிற சார்ஜன்ட் கையெழுத்தும் போட்டுவிட்டார். பையன்கள் கை கழுவப் போனார்கள். நான் துணி எண்ணினேன். முப்பத்தொன்பது. மறுபடியும் எண்ணினேன். முப்பத்தொன்பதுதான்.

இதுவும் சைக்கிளில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டோர்காரர் வந்துகொண்டிருந்தார். நான் ஒரு துணியை எடுத்து நடுவில் கிழித்தேன். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க இருமினேன். இரண்டு பாதியையும் கிழிந்த ஓரம் உள்ளே போகிற மாதிரி மடித்து, அடுக்கின் நடுவில் சொருகினேன். அவர் மடிப்பை மட்டும் விரலால் தட்டித் தட்டி எண்ணினார். "நாப்பது. கரீக்டா கீது" என்றார். நோட்டில் நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டு வந்து தைத்துச் சேர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

அப்புறம்தான் பலகையில் ஒரு நிழல் தெரிந்தது. சின்ன ரிங் ஸ்பேனர். அதன் மேல் தொங்கிய டோக்கன் அந்த ராமநாதபுரத்துப் பையனுடையது.

எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். தரையைத் தேடினார்கள், சாக்கடையைத் தேடினார்கள், பையன்களின் பையையும் பெட்டியையும் கொட்டிப் பார்த்தார்கள். சார்ஜன்ட் தமிழ்க்காரர்தான், ஆனால் வேலை நேரத்தில் முகத்தில் சிரிப்பே இருக்காது. அவர் என் பக்கம் திரும்பி, "துணி எத்தனைம்மா?" என்றார்.

"நாற்பது சார்" என்றேன்.

என் வாயாலேயே சொன்னேன். நோட்டையும் நீட்டினேன்.

அவர் பையனிடம் போனார். "துணி சரியா இருக்கு. அப்போ உள்ளே விடலை. கீழேயும் இல்ல. எங்கடா போச்சு?"

"திருப்பி மாட்டுன மாதிரிதான் சார் ஞாபகம்."

"மாட்டியிருந்தா டோக்கன் ஏன் அங்கே தொங்குது? ஞாயித்துக்கிழமை ஆனா ஊரு சைக்கிளெல்லாம் ரிப்பேர் பண்றவன் நீதானே?"

அவன் அப்பாவுக்கு ஊரில் சைக்கிள் கடை என்று எல்லாருக்கும் தெரியும். சார்ஜன்ட், "காலையில எட்டு மணிக்கு ஆபீசர் முன்னாடி போய் நில்லு. திருட்டுன்னு எழுதினா கோர்ஸ் இல்ல, வீட்டுக்குத்தான்" என்றார். அந்த பேட்ச் முடிந்து அணிவகுப்பு நடக்க இரண்டு வாரம்தான் இருந்தது.

தேடி முடித்ததும் எங்களைப் போகச் சொன்னார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்டோர் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். எப்போதும் எழுந்து நிற்பான்.

"நான் எடுக்கலம்மா" என்றான். "எங்கப்பா கடையில இந்த மாதிரி ஸ்பேனரு ஒரு டப்பா நிறையக் கெடக்கு. அதுக்குப் பயந்துதானே இங்க ஓடி வந்தேன். இங்க வந்தும் அதைத் திருடுவேனா?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஆத்தாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சும்மா. பரேடு பாக்க வருதாம். ரயிலே ஏறுனதில்ல அது."

"உன் துணி இரண்டும் கொடுத்தியாப்பா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "ஒன்னு கொடுத்தேன். இன்னொன்ன யாரோ வாங்குனாக... சரியா ஞாபகம் இல்லம்மா. அதான் நாப்பதும் வந்துருச்சே."

அதான் நாற்பதும் வந்துவிட்டதே. நான் தலையை ஆட்டிவிட்டு கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

அங்கே நிற்கும்போதுதான் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. ஒரு ஸ்பேனர் இல்லை. ஒரு துணியும் இல்லை. இரண்டும் ஒரே பையனுடையது. துணி சைக்கிளில் இல்லை, ஸ்பேனரைச் சுற்றிக்கொண்டு அந்தச் சிவப்பு மூடிக்குப் பின்னால் இருக்கிறது. என் நாற்பதுதான் அதைத் தேட விடாமல் செய்தது. நாளைக்குக் காலையில் பையனை வீட்டுக்கு அனுப்புவார்கள், அதே கையோடு எஞ்சினையும் ஓட்டுவார்கள்.

அம்பத்தூர் ஓ.டி. போகிற பஸ் வந்தது. கூட்டம் ஏறியது. நான் அப்படியே நின்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னாமே, வரியா இல்லியா? பஸ்ஸுக்கு ஆரத்தி எடுக்க வந்தியா?" என்றார். பஸ் போய்விட்டது.

வேலை போய்விடும் என்று தெரியும். அதைவிட, எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், வேலை போனால் பரவாயில்லை, பேசாமல் இருந்தால் போதும் என்று கூட அந்த ஐந்து நிமிடம் நினைத்தேன். ஆனால் கால் கேம்ப் கேட் பக்கம் திரும்பிவிட்டது.

காவலுக்கு நின்ற வடக்கத்திப் பையனுக்குத் தமிழ் தெரியாது. பையைக் காட்டி, உள்ளே கையைக் காட்டி, ஏதோ மறந்துவிட்டேன் என்று ஜாடை செய்தேன். விட்டுவிட்டான். ஸ்டோர் படியில் இன்னும் உட்கார்ந்திருந்த பையன், "என்னம்மா, டிபன் பாக்ஸ மறந்துட்டீகளா?" என்றான்.

"ஆமாம்ப்பா" என்றேன். அதுவும் பொய்.

சார்ஜன்ட் கொட்டகையில் தனியாகப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். தேடுகிற களேபரத்தில் ஊறவைக்காமல் விட்ட துணி அடுக்கிலிருந்து நான் அந்த இரண்டு பாதியை உருவி, அவர் மேஜையில் கிழிந்த ஓரம் தெரிகிற மாதிரி விரித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்தேன்.

"என்னம்மா இது?"

"இது ஒன்னு சார். ரெண்டு இல்ல."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. என்னைத் திட்டவில்லை. நோட்டைத் திறந்தார், நாற்பதைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். பிறகு தானே போய்ச் சிவப்பு மூடியைக் கழற்றினார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே தவழ்ந்தார். பூட்ஸ் அடி மட்டும் வெளியே தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. நான் அங்கேயே நின்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

அவர் வெளியே வந்தபோது கையில் என் துணி இருந்தது. சுற்றின படியே. பிரித்தார். உள்ளே ஸ்பேனர்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தாம்மா வச்சேன்" என்றார். "கடைசி போல்ட்டைக் காட்டுறேன்னு அவன் கையிலேர்ந்து துணியோட வாங்கிட்டு உள்ளே போனேன். போன் வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். வந்து மூடியைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுட்டேன்."

நான் அந்தத் துணியை வாங்கி மடித்தேன்.

அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். "அடிச்சிட்டு எழுதுங்க." நான் நாற்பதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் முப்பத்தொன்பது என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். அவர் அதற்குக் கீழே ஒன்று கண்டெடுக்கப்பட்டது என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். "குறைஞ்சா குறைஞ்சதுன்னு சொல்லுங்கம்மா. யாரு சிரிச்சா என்ன? நிறைச்சு மட்டும் காட்டாதீங்க" என்றார். பிறகு வாசலுக்குப் போய், "டேய், எழுந்து வாடா" என்று அவனைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை எல்லாரையும் நிறுத்திவைத்து, தப்புத் தன்னுடையது என்று சார்ஜன்ட் வாய்விட்டுச் சொன்னார். அதிகாரியிடமும் எழுதிக் கொடுத்தார். அங்கே அது வழக்கம். தப்பைச் சொன்னவனை அடிக்க மாட்டார்கள், மறைத்தவனைத்தான் விடமாட்டார்கள். என்னைப் பற்றி, "துணிக் கணக்கைத் திரும்பப் பார்த்ததால கண்டுபிடிச்சோம். அந்தம்மாவுக்கு எல்லாரும் நன்றி சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். இருபது பேரும் சத்தமாகச் சொன்னார்கள். ஸ்டோர்காரர் கூட, "தங்கச்சி, நீ பேசாமலே சாதிச்சிட்ட" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வாரத்தில் அவன் ஆத்தா வந்தார். பரேடு முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தார். எங்கள் வீட்டில் எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் இறங்கவில்லை. அந்த ஞாயிறு மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "அந்தப் பையனிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். சொல்கிறேன் சாமி என்றேன். அதற்குள் அவனை வடக்கே எங்கேயோ போட்டுவிட்டார்கள்.

சார்ஜன்ட் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஒரு மாதம் என் துணியை எனக்குப் பின்னால் இன்னொருவர் பிரித்துப் பிரித்து எண்ணினார். அது நியாயம்தான். அந்த மாதத்தில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. ஸ்பேனருக்கு டோக்கன் இருக்கிறது, துணிக்கு ஏன் இல்லை? ஒவ்வொரு துணியின் மூலையிலும் சிவப்பு நூலால் பையனின் நம்பரைத் தைத்தேன். ஒன்று முதல் இருபது வரை, ஒவ்வொன்றும் இரண்டு முறை. இனிமேல் ஒன்று குறைந்தால் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். கிழித்து இரண்டாக்கவும் முடியாது, ஒரு பாதியில் நம்பர் இருக்காது. சார்ஜன்ட் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் சொன்னது?" என்றார். "நானேதான் சார்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். ஸ்டோர்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த வருடங்களில் துணி குறைந்த நாட்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் நடுவில் போய் நின்று, "ஒன்பதாம் நம்பர் துணி ஒன்னு வரலை, யாரும் நகராதீங்க" என்று சொன்னேன். முதல் தடவை குரல் நடுங்கியது. அப்புறம் பழகிவிட்டது. மற்ற இடத்தில் இன்னும் எனக்கு வாய் வராது, ஆனால் அந்தக் கொட்டகைக்குள் என் சொல்லுக்கு விமானம் நின்றது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன் தம்பி. நீங்கள் என்னை உங்களைக் காப்பாற்றியவள் என்று இத்தனை வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அன்றைக்கு டிபன் பாக்ஸ் எடுக்க வரவில்லை. உங்களை அந்தப் படியில் உட்கார வைத்ததே என் நாற்பதுதான். சார்ஜன்ட் தன் தப்பை எல்லார் முன்னாலும் சொன்னார். என் தப்பை அவர் மூடி வைத்தார், நானும் திறக்கவில்லை. உங்கள் ஆத்தா இப்போது இல்லை என்று சொன்னீர்கள். இருந்தால் அவரிடமும் சொல்லியிருப்பேன்.

மலர் போடுகிறவர்கள் இதை அச்சில் ஏற்றும் முன்னால், அந்த பேட்ச்சில் இருந்தவர் யாராவது ஒருமுறை சரிபார்த்துத் தர வேண்டும். பலகை ஜன்னலுக்கு இடது பக்கமா வலது பக்கமா, ஸ்பேனர் என்ன அளவு, மூடி சிவப்பா ஆரஞ்சா, அணிவகுப்புக்கு இரண்டு வாரம் இருந்ததா மூன்றா, இதிலெல்லாம் எனக்குத் தப்பு வரலாம். தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். பழைய நோட்டு எங்காவது கிடைத்தால் அந்தப் பக்கத்தையும் பாருங்கள். முப்பத்தொன்பது என்பதை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம்.